செத்த ஆட்டுக்குச் சாட்சி கேட்கிறார்கள்

"ஆட்டுக்கு நாலாயிரம் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" நேற்று வெள்ளத்தில் செத்த ஆடுகளுக்கான நிவாரணம் பற்றிய விவாதத்தில் ஒருவர் கேட்டதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருந்தவர் சிரிக்க வேறு செய்தார்.

கொடுத்தாச்சா? யாருக்கு? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரம் போன ஆடு கடலுக்கே போயிருக்கும். நிவாரணத்துக்கோ செத்த உடல் வேண்டும். வி.ஏ.ஓ. பார்க்கணும், கால்நடை டாக்டர் சான்று தரணும், உடலோடு போட்டோ, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக். அப்புறம் வருவாய் ஆய்வாளர், தாசில்தார். உடல் இல்லையா, ஆடே இல்லை.

உடல் கிடைத்தவன் பாடு இன்னும் வேடிக்கை. தண்ணீரில் ஊறியது இரண்டாம் நாளே வயிறு ஊதிவிடும். நோய் பரவும் என்று ஜேசிபி வைத்துக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுவார்கள். மூடத்தான் வேண்டும். ரோடு திறந்து டாக்டர் வரும்போது எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்? அவரைக் குறை சொல்லவில்லை. விதி அப்படி.

அந்த விதியில் அன்றைக்குக் கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. குடும்பத்துக்கு மாடு மூன்று, இல்லையென்றால் ஆடு முப்பது, அதற்கு மேல் கிடையாது. நூறு ஆடு போனவனுக்கும் 1,20,000தான். எட்டயபுரம் ஆட்டுச் சந்தையில் நாலாயிரத்துக்கு ஒரு தாயாடு வாங்கிக் காட்டுங்கள். வெள்ளம் வடிந்தபின் குளம்பு அழுகியும், புதுப்புல் மேய்ந்து துள்ளுமாரி நோய் வந்தும் விழுகிற ஆடு? அது "நோயால் இறப்பு". பைசா கிடையாது.

ஊர் ஊராக ஆடு ஓட்டிப்போய், ராத்திரி வயலில் அடைத்துக் கிடை போடுகிற கீதாரிகளைக் கேட்கவே வேண்டாம். ராமநாதபுரத்துக் கார்டு, கிடை போட்டது வேறு மாவட்டத்து வயலில். இந்த ஊரில் "உங்க ஊர்ல போய்க் கேளுங்க" என்பார்கள். அங்கே போனால், "இங்கதான் வெள்ளமே வரலையே!"

"பொய்க் கணக்கு எழுதுவான்" என்று வருவீர்கள். எழுதுவான், நாலு பேர் எழுதத்தான் செய்வார்கள். முப்பதோடு கதவைச் சாத்திய பிறகு எவ்வளவு திருடிவிட முடியும்? அதே வெள்ளத்துக்கு வீட்டுக்கு 6,000 கொடுத்தபோது கார்டு போதுமாக இருந்தது. நனைந்த பாயைக் கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆட்டுக்காரன் மட்டும் திருடனா? ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போடும்போது யாருக்கு எத்தனை ஆடு என்று எழுதத்தானே செய்கிறீர்கள்? அந்த நோட்டைப் புரட்டினால் போதாதா?

"இன்சூரன்ஸ் போட வேண்டியதுதானே?" போடலாம். இன்சூரன்ஸுக்கு அடையாளமாக ஆட்டின் காதில் மாட்டுகிற தோட்டைக் காட்டினால்தான் பணம். காது ஆட்டோடு போய்விட்டது, சார்.

மத்திய அரசு வகுத்த விதி, மாநிலம் என்ன செய்யும் என்பவர்களுக்கு: மாநிலம் தன் கையிலிருந்து கூட்டிக் கொடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் பேச விருப்பமில்லை.

கறி விலை ஏறினால் ஆட்டுக்காரன் கொள்ளையடிக்கிறான் என்று எழுதுகிறவர்களும் நீங்கள்தான். கோயில் கொடைக்கு ஆடு வேண்டும், பக்ரீத்துக்கு வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டும். வளர்க்கிறவன் மட்டும் கையேந்தியாகத் தெரிகிறான். "உழைக்காமல் காசா" என்று கமெண்ட் போட வருகிறவர்கள், மார்கழிப் பனியில் ஒரே ஒரு ராத்திரி கிடைக்காவல் இருந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.