ரயில் வாங்கினீர்களே, பில் எங்கே?

ரயில் பெட்டி வாங்கிய ஒப்பந்தத்தைக் கேட்டு நான் போட்ட மனுவுக்கு, தர முடியாது என்று ஓர் அலுவலகம் பதில் எழுதியது. வெள்ளிக்கிழமை நான் இங்கே போட்ட அந்தக் கடிதத்தையும், அதற்குக் கீழே பின்னூட்டங்களில் நடந்த கூத்தையும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், மறுபடி ஒட்டப் போவதில்லை. அலுவலகத்தின் பெயரை அன்றைக்கே மறைத்துத்தான் போட்டேன். இன்றைக்கும் சொல்லமாட்டேன். என் சண்டை அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவரோடு அல்ல.

கேட்டது அந்த ஒப்பந்தத்தின் நகல். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பினேன். முப்பது நாளில் வர வேண்டிய பதில் 43ஆம் நாள் வந்தது. ஒன்றரை வரி. தகவல் உரிமைச் சட்டம் (ஆர்.டி.ஐ.) பிரிவு 8(1)(டி), வணிக ரகசியம், தர இயலாது. கையெழுத்துகூட பாதிதான் இருந்தது.

நான் என்ன, மோட்டாரின் வரைபடமா கேட்டேன்? பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்கிற சாஃப்ட்வேரா கேட்டேன்? ஒரு பெட்டி என்ன விலை, எந்தத் தேதிக்குள் தருவதாகக் கையெழுத்துப் போட்டார்கள், தாமதமானால் எவ்வளவு பிடித்தம், பராமரிப்பு யார் தலையில். நாலே கேள்வி. வாங்கின சாமானுக்கு பில் கேட்டேன். அதற்குப் பெயர் வணிக ரகசியமாம்.

அந்தப் பிரிவையாவது முழுசாகப் படித்திருக்கலாம். வெளியிட்டால் மூன்றாம் தரப்பின், இங்கே பெட்டி விற்ற கம்பெனியின், போட்டி நிலைக்குக் கேடு வரும் என்றால்தான் மறுக்கலாம். அப்போதும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்று அதே வாக்கியம் சொல்கிறது. பிரிவு 10 இன்னும் எளிது: மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடு. நாலு வரியில் மை பூசிவிட்டு மீதியைக் கொடுத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

"ரயில் ஓடுதா, ஏறினியா, இறங்கினியா, அப்புறம் உனக்கென்ன?" என்று பின்னூட்டத்தில் ஒருவர். அதற்கு 60 லைக். சரி ஐயா, ஓடுவதைப் பற்றியே பேசுவோம். பெங்களூர் நம்ம மெட்ரோவின் மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை. 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி பிரதமர் வந்து திறந்தார். ஓட்டத்தை ஆரம்பித்தது மூன்றே மூன்று ரயில்களோடு, 25 நிமிடத்துக்கு ஒன்று. தூண் இருந்தது, தண்டவாளம் இருந்தது, ரயில்தான் இல்லை. பெட்டிகளுக்கான ஒப்பந்தம் போட்டது 2019இல்: 216 பெட்டிகள், 1,578 கோடி ரூபாய், சீன நிறுவனம். நடுவில் கொரோனா, எல்லைத் தகராறு, விசா பிரச்சினை, அப்புறம் மேற்கு வங்கத்தில் பெட்டி செய்கிற டிட்டாகர் நிறுவனத்தோடு கூட்டு. முதல் ரயில் பெங்களூருக்கு வந்தபோது 2024 பிப்ரவரி. இதையெல்லாம் நாம் நாளிதழில் துண்டு துண்டாகப் படித்துத்தான் ஒட்டவைத்துக்கொண்டோம். என் மகள் அந்தப் பாதையில் இருக்கிற எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை செய்கிறாள். அந்த வருஷங்களில் அவள் சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் தொலைத்த மணி நேரங்களை யாராவது கணக்குப் போட்டுக் கொடுங்கள். தாமதத்துக்கு ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று கேட்பது எப்படி "உனக்கென்ன" ஆகும்?

இன்னொன்று பாருங்கள். 2023இல் நம்ம ஊர் பொதுத்துறை நிறுவனமான பி.இ.எம்.எல்.லுக்கு 318 மெட்ரோ பெட்டிகளுக்கான ஆர்டர், 3,177 கோடி. வகுத்தால் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 10 கோடி. முந்தைய ஒப்பந்தத்தை வகுத்தால் 7 கோடியே சொச்சம். உடனே "கொள்ளை" என்று எழுதக் கை துறுதுறுக்கும். ஆனால் பி.இ.எம்.எல். ஆர்டரில் 15 வருஷம் வரைக்குமான பராமரிப்பும் அடக்கம். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் இரண்டையும் ஒப்பிடுவது, சாப்பாட்டோடு சேர்த்த விடுதி வாடகையையும் வெறும் அறை வாடகையையும் ஒப்பிடுவது மாதிரி. பிரித்துப் பார்க்க ஒப்பந்தம் வேண்டும்.

வந்தே பாரத் ஸ்லீப்பர் விஷயத்தில் இதுதான் நடந்தது. 58,000 கோடி, 200 ரயில்கள், 35 வருஷப் பராமரிப்பும் சேர்த்து. 2024 செப்டம்பரில் ஓர் எம்.பி. வகுத்துப் பார்த்தார்: 290 கோடியாக இருந்த ஒரு ரயில் 436 கோடி ஆகிவிட்டது என்றார். ரயில்வே பதில் சொன்னது: ரயில்கள் 200இலிருந்து 133 ஆகின, ஆனால் 16 பெட்டி ரயில் 24 பெட்டி ஆனது. பெருக்கிப் பாருங்கள், முன்பு 3,200 பெட்டி, பிறகு 3,192 பெட்டி. ஏறக்குறைய அதேதான். இந்த ஒரு விஷயத்தில் நான் ரயில்வே பக்கம். ஆனால் ஒப்பந்தமும் அதன் திருத்தமும் முதல் நாளே எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காது. பில்லைக் காட்டினால் நேர்மையானவனுக்குத்தான் லாபம். அதுகூடவா புரியாது?

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். ஸ்டோர்ஸில் குமாஸ்தா. டெண்டர் திறக்கிற நாளில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவார். டெண்டர் பெட்டியைத் திறப்பார்கள், கம்பெனி ஆட்கள் எல்லாம் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் கொடுத்த ரேட்டையும் உரக்கப் படிக்க வேண்டும், தொகையைச் சுற்றி வட்டம் போட வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் அதிகாரி சுருக்கொப்பம் வைக்க வேண்டும். தொண்டை கட்டிய நாளில்கூட அப்பா வெந்நீர் குடித்துவிட்டுப் படித்திருக்கிறார். "காதுல விழுந்தாத்தான்டா அது டெண்டர்" என்பார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்திலேயே நாலு பேர் காதில் விழ வைத்தார்கள்.

அதே ஐ.சி.எஃப். 2024 அக்டோபரில் இரண்டு அதிவேக ரயில்களுக்கு பி.இ.எம்.எல்.லிடம் ஆர்டர் கொடுத்தது. 866.87 கோடி, ஒரு பெட்டி 27.86 கோடி, வடிவமைப்புச் செலவும் கருவிகளுக்கான ஒருமுறைச் செலவும் மொத்தத்தில் அடக்கம். எனக்கு எப்படித் தெரியும்? பங்குச்சந்தைக்கு பி.இ.எம்.எல்.லே எழுதிக் கொடுத்தது. பட்டியலிட்ட கம்பெனி, சொல்லியே ஆக வேண்டும். வானம் இடிந்து விழவில்லை, போட்டிக் கம்பெனி எதையும் திருடிக்கொண்டு ஓடவில்லை. ஆக, பங்கு வாங்கினவனுக்கு விலை சொல்லலாம். டிக்கெட் வாங்கினவன் கேட்டால் ரகசியம். நன்றாக இருக்கிறது நியாயம்.

"எல்லா அலுவலகமும் உனக்கு ஜெராக்ஸ் போட்டுக்கொண்டே இருந்தால் வேலையை யார் பார்ப்பது?" என்று கேட்ட நண்பருக்கு: பாதி ஒப்புக்கொள்கிறேன். நீங்களாகவே வெளியிடுங்கள் என்று பிரிவு 4 சொல்வதே அதற்காகத்தான். இணையத்தில் ஏற்றிவிட்டால் ஜெராக்ஸே வேண்டாம். இந்த ஊரில் மெட்ரோ கட்டணம் 2025 பிப்ரவரியில் அதிகபட்சம் 60இலிருந்து 90 ரூபாய் ஆனது. எதை வைத்து ஏற்றினார்கள் என்ற குழு அறிக்கை, உயர்நீதிமன்றத்தில் வழக்கு போன பிறகு செப்டம்பரில்தான் வெளியே வந்தது. ஒரு அறிக்கையை இணையத்தில் ஏற்ற நீதிமன்றம் வேண்டியிருக்கிறது.

"சீனாக்காரனுக்கு ரகசியம் கொடுக்கச் சொல்கிறாயா?" என்றவருக்குப் பதில் கிடையாது. மேலே படித்துப் பாருங்கள், பெட்டியை விற்றது யார் என்று.

அடுத்தது கொஞ்சம் வலித்தது. "வந்த ஊரில் வாயை மூடிக்கொண்டு இரு, உங்க ஊரில் போய்க் கேள்." 27 வருஷமாக பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். வரி இங்கே கட்டுகிறேன், ஓட்டு இங்கே போடுகிறேன், கன்னடத்தில்தான் அந்த மனுவை எழுதினேன். ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் சாக்குக்குள் இருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். உள்ளே யார் என்று குழந்தைக்கும் தெரியும், ஆனாலும் திறக்கக் கூடாது. 2009இல் திறந்தார்கள். ஊர் எரியவில்லை. இந்த ஒப்பந்தமும் அப்படித்தான் மூடிக் கிடக்கிறது என்று எழுத வந்தேன், எங்கேயோ போய்விட்டேன். விடுங்கள்.

உண்மையில் என்னைத் தூங்கவிடாதது அந்நியர் எழுதியது அல்ல. "ஆர்.டி.ஐ. போடுறவன் பாதிப்பேர் பிளாக்மெயில் பார்ட்டி" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டது என் அக்காவின் வீட்டுக்காரர். மாமா, உங்கள் பென்ஷன் நிலுவைக்கு அதே பத்து ரூபாய் மனுவை எழுதிக் கொடுத்தது யார்? அன்றைக்கு நான் எந்தப் பார்ட்டி? அப்படிப் பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஒளித்து வைத்தால்தானே அவர்களுக்குப் பிழைப்பு?

முதல் மேல்முறையீட்டை எழுதி முடித்துவிட்டேன், நாளைக்குத் தபால். கேள்வி அதே நாலு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவதாக அக்கா போன் செய்தாள். வாருங்கள் மாமா, வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன். ரயில் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.