எந்தக் கண்ணுக்கு என்றும் எழுதுங்கள்

கண்ணுக்குள் சிப் வைத்துப் பார்வையற்றவர்களைப் படிக்க வைத்துவிட்டார்கள் என்ற செய்தி 2025 அக்டோபரில் என் பெரியப்பா மகனின் செல்பேசிக்குத் தமிழில் மூன்று பேரிடமிருந்தும், மலையாளத்தில் இரண்டு பேரிடமிருந்தும் வந்தது. கேரள எல்லையை ஒட்டிய கம்பத்தில் இருப்பவர்களுக்கு இப்படி எல்லாமே இரண்டு மொழிகளில் கிடைக்கும். அந்தச் சிகிச்சை யாருக்கானது என்ற ஒரு வரி மட்டும் ஐந்திலும் இல்லை.

அண்ணன் கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டு ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டியவர். ஒரு நாள் இருட்டும் நேரத்தில் மலை இறங்கும்போது, முன்சீட்டில் இருந்த பெண்ணிடம் "அக்கா, லைட்டு எரியுதா?" என்று கேட்டிருக்கிறார். எரிந்துகொண்டுதான் இருந்தது. மறுநாள் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். ஊரார் மாலைக்கண் என்றார்கள். ஓராண்டு முழுக்க ஆட்டு ஈரலும் முருங்கைக்கீரையுமாகப் போனது. அதன் பிறகே ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, சுருக்கமாக ஆர்.பி., என்று தெரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் வேலை செய்யும் கோல் செல்கள் விழித்திரையில் முதலில் அழிய, பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும் பரம்பரை நோய் இது. இன்று அவர் தேநீர் கிளாஸை எடுப்பதற்கு மேசை விளிம்பைத் தொட்டு, அதை ஒட்டியே விரல்களை நகர்த்துகிறார். நேர் எதிரே இருப்பவரின் முகம் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

செய்தியில் வந்த பிரிமா என்ற சிப் 2 மில்லிமீட்டர் சதுரம். மூக்குக்கண்ணாடியில் உள்ள கேமரா எடுக்கும் காட்சியை அகச்சிவப்பு ஒளியாக வாங்கி, விழித்திரைக்கு மின்தூண்டலாகக் கொடுக்கிறது. ஓராண்டு முடிவில் பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் அனைவரும் முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து, மையப் பார்வையை இழந்தவர்கள். அண்ணனுக்கு மிஞ்சியிருப்பதே அந்த மையப் பார்வைதான்.

ஆர்.பி. நோயாளிகளுக்கென்றே வந்த சிப்பும் உண்டு. 60 மின்முனைகள் கொண்ட ஆர்கஸ் 2 கருவிக்கு அமெரிக்காவில் 2013-இல் அனுமதி கிடைத்தது. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் பொருத்திக்கொண்ட நிலையில், 2019-இல் அதைத் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது. பழுதானால் உதிரிபாகம் இல்லை, கேட்பதற்கு ஆள் இல்லை. நம்மூரில் மிக்ஸி வாங்கும்போதுகூட சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்டுவிட்டுத்தானே பணம் கொடுக்கிறோம்?

மரபணு சிகிச்சை இன்னும் குறுகலான வாசல். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லக்ஸ்டர்னா, ஆர்பிஇ65 என்ற ஒரே மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும். வைட்டமின் ஏ-யைப் பார்வைக்குப் பயன்படும் வடிவத்துக்கு மீண்டும் மாற்றும் நொதியை உண்டாக்குவது அந்த மரபணு; அது பழுதானவர் எத்தனை ஈரல் தின்றும் பயனில்லை. இரு கண்களுக்கும் அறிவிக்கப்பட்ட விலை 8,50,000 டாலர், நம் பணத்தில் 7 கோடி ரூபாயைத் தாண்டும். ஆர்.பி.யை உண்டாக்கும் மரபணுக்களோ 80-க்கும் மேல். எந்த மரபணு என்பதைப் பொருட்படுத்தாத வழியும் ஒன்று தொடங்கியிருக்கிறது: பாசியிலிருந்து எடுத்த ஒளியுணர் புரதத்தின் மரபணுவைக் கண்ணில் செலுத்தியதில், 58 வயது ஆர்.பி. நோயாளி ஒருவர் சிறப்புக் கண்ணாடியின் துணையோடு மேசைமேல் இருந்த நோட்டுப்புத்தகத்தைக் கண்டுபிடித்ததாக 2021-இல் ஆய்வு வெளியானது. பிரமிக்கத்தக்க தொடக்கம், ஆனால் தொடக்கம் மட்டுமே.

இந்த வேறுபாடுகளை யாரும் சொல்லாததால்தான், எல்லைக்கு அப்பால் ஒரு கிளினிக்கில் ஸ்டெம் செல் ஊசி என்று 60,000 ரூபாயை அண்ணன் கட்டினார். எந்த மரபணு என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அவருக்கு முதலில் தேவைப்பட்டது மரபணுப் பரிசோதனை. எந்த மரபணு என்று தெரிந்தால்தான், நாளை வரப்போகும் ஆய்வு எதிலாவது அவருக்கு இடம் உண்டா என்று கேட்கவே முடியும்.

போன மாதம் மதுரையில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். பெற்றோர் இருவரின் ரத்தமும் வேண்டும் என்றார்கள். அக்காள் மகளையே கட்டியவர் பெரியப்பா, அவர் கொடுத்துவிட்டார். பெரியம்மா மட்டும் நாள் தள்ளிக்கொண்டே இருக்கிறார். மகனின் கண் தன்னால்தான் போனது என்று தாளில் எழுதி வந்துவிடுமோ என்று பயப்படுகிறார். இந்தக் கோளாறு இருவர் வழியாகவும் வந்திருக்கலாம், அந்தக் கோளாற்றைச் சுமந்தவர்களுக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.