கம்பத்தை விட்டு அசையாத கப்பல்

திருகோணமலையிலிருந்து மூதூருக்கு லோஞ்சில், அதாவது பயணிகள் படகில், போய்வந்த காலம். சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை ஏற்றிவரும் கப்பலொன்று தூரத்தில் தெரிந்தது. மாமா என்னைக் கூரை தாங்கும் இரும்புக் கம்பத்துக்குப் பின்னால் நிறுத்தினார். "கப்பல் கம்பத்தை விட்டு முன்னுக்கோ பின்னுக்கோ போகுதோ எண்டு பார். போனா பயமில்லை. அதே இடத்தில நிண்டு பெருத்துக்கொண்டு வந்தா, முட்டப்போகுது."

இணைந்த கணிதத்தில் சார்பு வேகம் படிப்பிக்கும்போது இந்தக் கம்பத்தில்தான் தொடங்குவேன். அங்கிருந்து ஏவுகணைக்குப் போவேன். போன கிழமை ஒரு மாணவியின் தகப்பன் கேட்டார்: "சேர், பிள்ளையளுக்கு ஏன் இந்தச் சண்டைக் கணக்கு?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட ஊர் இந்தத் திருகோணமலை. கிபிர் போர்விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் விழுந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் இந்தப் பாடத்தை நான் விடப்போவதில்லை.

மாமா எதற்குப் பயந்தாரோ அதைத்தான் ஏவுகணை தேடுகிறது. இலக்கை நோக்கிய பார்வைக்கோடு திரும்பாமல் இருந்து, தூரமும் குறைந்துகொண்டே வந்தால் மோதல் நிச்சயம். கோடு திரும்பினால், அது திரும்பும் வீதத்தையும் நெருங்கும் வேகத்தையும் பெருக்கி, அதை ஒரு மாறிலியால் பெருக்கி, அந்த அளவு ஆர்முடுகலோடு ஏவுகணை பக்கவாட்டில் வளையும். மாறிலி வழமையாக 3 முதல் 5 வரை. 1958 செப்டெம்பரில் தாய்வான் நீரிணை மேல் முதல் தடவை சண்டையில் ஏவப்பட்ட சைட்வைண்டர் ஏவுகணையும் இந்த வழியில் போனதுதான்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது திரும்பும் ஆரையில். செக்கனுக்கு 1000 மீற்றர் வேகத்தில் 30 ஜி (புவியீர்ப்பு ஆர்முடுகலின் 30 மடங்கு) இழுக்கும் ஏவுகணைக்கு ஆரை ஏறக்குறைய 3400 மீற்றர். 250 மீற்றர் வேகத்தில் 9 ஜி இழுக்கும் விமானத்துக்கு 700 தான். "அப்ப விமானம் தப்பிடும்" என்று கை தூக்குவார்கள். அதனால் மட்டும் தப்பாது. ஏவுகணை விமானத்தின் வட்டத்தைச் சுற்றி வரத் தேவையில்லை, தூரத்திலிருந்தே சிறுகச் சிறுகத் திருத்திக்கொண்டு வரும். யூடியூபில் ஜி எண்ணை மட்டும் ஒப்பிட்டு வெற்றி தோல்வி சொல்பவர்கள் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள், அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

இதையே பைதன் என்ற கணினி மொழியில் எழுதவைத்தேன். அந்த மாணவியின் ஏவுகணை ஒவ்வொரு தடவையும் நாற்பது மீற்றர் விலகிப் போனது. கணக்குச் சரி, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே விட்ட நேர இடைவெளிதான் பிழை: 0.1 செக்கன். நெருங்கும் வேகம் 1000 என்றால் ஒரு பாய்ச்சலில் நூறு மீற்றர், இலக்கைத் தாண்டியே குதித்துவிடும். 0.001 ஆக்கினாள். இப்போது ஒருபோதும் தவறவில்லை, விமானம் என்ன செய்தாலும் அடி. அதுவும் பொய்தான். கண்டவுடன் திரும்பும் ஏவுகணை உலகத்தில் இல்லை. சிறு தாமதமும் திரும்பும் எல்லையும் சேர்த்தோம். விமானம் நேரத்தோடு திரும்பினால் ஏவுகணை திருத்திக்கொண்டது. பிந்தித் திரும்பினால் விமானத்துக்கு விலக நேரமில்லை. இடையில், கடைசி ஒரு செக்கனுக்குள், சில மீற்றர் விலகல் கிடைத்தது.

சில மீற்றர் போதாது, கிட்ட வந்தாலே வெடிக்கும். ஆகவே விமானியின் உண்மையான வழி அதற்கு வெகு முன்னால். ஏவுகணையின் மோட்டார் சில செக்கன்களே எரியும், பிறகு அது கைவசமுள்ள வேகத்தில்தான் ஓடும். ஒவ்வொரு வளைவும் அந்த வேகத்தைத் தின்னும். ஓடி, தாழ்ந்து, அடர்ந்த காற்றுக்குள் இழுத்து அதைக் களைக்கவைப்பதுதான் தப்புதல். காற்றுத்தடையை எழுதாத மாதிரியில் இது தெரியவே தெரியாது.

அந்தத் தகப்பன் திருக்கடலூரில் கடற்றொழில் செய்பவர். மகள் வீட்டில் திரையைக் காட்டியிருக்கிறாள். "இது நாங்க ராவில மற்றப் போட்டின்ர லைற்றைப் பாக்கிற மாதிரியெல்லோ" என்றாராம். சனிக்கிழமை வகுப்புக்கு அவரையும் கூப்பிட்டிருக்கிறேன். கம்பத்துக் கதையை இனி அவர் சொல்லட்டும்.