லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான் வித்தியாசம்

போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் நாங்கள் வழக்கமாக உட்காரும் ஒட்டுக்கடையில் ஒரு சண்டை. அரசியல் இல்லை, பந்தும் இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சியில் 2015இல் கடைசியாக ஓடிய ஒரு குதிரைப் பந்தயத்துக்காக. இன்று அந்தப் பந்தயமும் இல்லை, அந்தத் திடலில் ஓட்டமும் இல்லை. சண்டை மட்டும் மிச்சம்.

கிரிஸ்ஃபிளையர் இன்டர்நேஷனல் ஸ்பிரிண்ட். 1200 மீட்டர் குறுந்தூர ஓட்டம். கதவு திறந்தால் ஒரு நிமிடமும் சில விநாடிகளும், அவ்வளவுதான். தே தாரிக்கை இழுத்து ஆற்றி மேசைக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிடும்.

ஒருவர் லக்கி நைன் கட்சி. 2013, 2014 என்று அடுத்தடுத்து ஜெயித்த குதிரை. இன்னொருவர் ஏரோவெலாசிட்டி என்றார். 2014 டிசம்பரில் ஹாங்காங் ஸ்பிரிண்ட், 2015 மார்ச்சில் ஜப்பானில் தகாமட்சுநோமியா கினேன், மே மாதம் கிராஞ்சி. அரை வருஷத்துக்குள் மூன்று நாட்டில் முதலிடம். லேசான காரியமா?

என் மாமா மட்டும் சிங்கப்பூர்க் குதிரையான ராக்கெட் மேனை விடுவதாயில்லை. "அது ஒரு தடவைதானே ஜெயிச்சது?" என்று மேசையே சிரித்தது. உண்மைதான். 2009இல் ஹாங்காங்கிலிருந்து வந்த சேக்ரட் கிங்டம் முந்திக்கொண்டது. 2010இல் கிரீன் பர்டி, அதுவும் ஹாங்காங். சொந்தத் திடலில் இரண்டு வருஷமும் இரண்டாம் இடம். 2011இல்தான் கை கூடியது.

ஆனால் ஜெயித்தவர் பட்டியலை மட்டும் பார்த்துப் பேசினால் இதுதான் தொல்லை. அதில் ராக்கெட் மேனுக்கு ஒரே வரி. மொத்தக் கணக்கைப் பாருங்கள்: 27 ஓட்டம், 20 வெற்றி, 6 முறை இரண்டாம் இடம். மிச்சமிருக்கும் அந்த ஒன்று ஜப்பான் நாகயாமாவில் நான்காவதாக வந்தது. கிராஞ்சியின் லயன் சிட்டி கப்பை 2009 முதல் 2012 வரை நான்கு வருஷம் தொடர்ந்து தூக்கியது. 2011 மார்ச்சில் துபாய் கோல்டன் ஷாஹீன் பந்தயத்தையும் அடித்தது. நானும் மாமா கட்சிதான்.

சண்டை அதோடு முடிந்திருக்கும். மாமா கடைசியில் ஒன்று கேட்டார். "சரி, இவ்வளவு பேசுறீங்களே, அத்தனை வருஷமும் அதுக்குக் காலைப் பிடிச்சுவிட்டு, கயித்தைப் பிடிச்சு நடத்திக் கூட்டிட்டு வந்தவன் பேர் என்ன?"

யாருக்கும் தெரியவில்லை. பயிற்சியாளர் பேட்ரிக் ஷா, எல்லாருக்கும் தெரியும். உரிமையாளர் ஃபிரெட் கிராபியா, அதுவும் தெரியும். துபாயில் ஏறிய ஃபெலிக்ஸ் கோட்சியா, அதற்கு முன்பு ஹாங்காங்கில் சைலண்ட் விட்னஸ் என்ற குதிரையில் தொடர்ந்து 17 வெற்றி பார்த்தவர் என்பது வரைக்கும் தெரியும். சைஸ், அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆள், யார்? அந்தக் கட்டமே பட்டியலில் கிடையாது.

என் கருத்து இதுதான்: அந்தக் கட்டம் இருக்க வேண்டும். இது இரக்கத்தில் சொல்வதில்லை. ஸ்பிரிண்ட் குதிரைக்கு எல்லாமே கால். ராத்திரியில் முன்னங்கால் நரம்பு கொஞ்சம் சூடாகியிருந்தால் காலையில் முதலில் தெரிவது சைஸின் உள்ளங்கைக்குத்தான். தொட்டியில் தீனி மிச்சம் கிடந்தால் முதலில் பார்ப்பதும் அவர்தான். அவர் வாயைத் திறந்த பிறகுதான் டாக்டர், பயிற்சியாளர் எல்லாம்.

மாமா கித்தாத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். இருட்டோடு எழுந்து பால்மரம் வெட்டப் போன குடும்பம். எழுபதுகளில் ஈப்போவில் ஒரு லாயத்தில் சைஸாகச் சேர்ந்தார், அப்புறம் கிராஞ்சி. "லயத்துக்கும் லாயத்துக்கும் ஒரு கால்தான்டா வித்தியாசம். ரெண்டு இடத்திலயும் விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்" என்பார். அவரைப் போல எத்தனையோ தமிழர்கள் இந்த லாயங்களில் வேலை பார்த்தார்கள்.

இதே பந்தயத்தை 2008இல் ஜெயித்த டேக்ஓவர் டார்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த ஜோ ஜானியக், 1,400 டாலருக்கும் குறைவாகக் கொடுத்து வாங்கிய குதிரை. முழங்கால் கோளாறு என்று மற்றவர்கள் ஒதுக்கியது. தானே வளர்த்து, தானே பழக்கி, 2006இல் இங்கிலாந்தின் ராயல் ஆஸ்காட் வரை கொண்டுபோய் ஜெயித்தார். அவர் கதை உலகத்துக்கே தெரியும். ஏன்? உரிமையாளர், பயிற்சியாளர் கட்டங்களில் அவர் பெயர் இருந்தது. வெறும் சைஸாக இருந்திருந்தால் அவரும் காணாமல்தான் போயிருப்பார்.

பெயர் கூட இரண்டாவது. ஜப்பானில் பரிசுப் பணத்தில் நூற்றுக்கு 5 பங்கு குதிரையைப் பராமரிப்பவருக்கே போகிறது, ஏறி ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் அதே அளவு. மாமா வேலை பார்த்த லாயத்தில் குதிரை ஜெயித்தால் தவுக்கே, அதாவது முதலாளி, மனசு வைத்து நீட்டும் அங்பாவ் பணம்தான். மனசு வைக்காத நாளும் உண்டு.

"குதிரையால் எத்தனை குடும்பம் சம்பள நாளிலேயே அழுதது, அதைப் போய்த் தூக்கிவைத்து எழுதுகிறாயே" என்று சிலர் கேட்பீர்கள். என் அப்பாவின் சட்டைப் பையிலும் ரேஸ் புக் இருந்தது. அம்மா அதை அடுப்பில் போட்டதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான். பணம் கட்டியவரும் சாணி அள்ளியவரும் ஒன்றில்லை லா.

அவசரம் என்னவென்றால், 1842இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிந்தது. 1864இல் ஆரம்பித்த பினாங்கு கிளப்பும் 2025இல் ஓட்டத்தை நிறுத்திவிட்டது. கோப்பைகள் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விடும். லாயத்துச் சம்பளப் புத்தகங்கள் எங்கே போகும்? ஈப்போ, சுங்கை பெசி பந்தயத் திடல்களில் இருப்பதையாவது யாராவது எடுத்துவைக்க வேண்டும்.

அதுவரை நான் மாமாவை உட்காரவைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன், சைஸ் பெயர் ஒரு பக்கம், குதிரை பெயர் ஒரு பக்கம். இதுவரை பதினோரு வரி வந்திருக்கிறது. அதில் இரண்டு வரியில் மாமாவுக்கே குதிரையின் பெயர்தான் ஞாபகம் இருக்கிறது.