ரவுட்டரில் டிஎன்எஸ் மாற்றினால் கம்ப்யூட்டர் உறைவது நிற்காது

"கம்ப்யூட்டர் அடிக்கடி உறைந்து நிற்கிறதா? ரவுட்டரில் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றுங்கள், சரியாகிவிடும்" என்று ஒரு ஃபார்வர்டு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

8.8.8.8 என்பது கூகுள் 2009இல் தொடங்கிய பொது டிஎன்எஸ் சேவை. இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவதுதான் டிஎன்எஸ்ஸின் வேலை, அதனால் தளங்கள் கொஞ்சம் சீக்கிரம் திறக்கலாம், அவ்வளவுதான். மவுஸே நகராமல் மொத்தமாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ரேம் எனும் மெமரி போதாமை, பழுதாகும் ஹார்டு டிஸ்க், அதிகச் சூடு, கருவிகளை இயக்கும் டிரைவர் மென்பொருளின் கோளாறு இவற்றில் ஒன்று.

நீங்களே சோதிக்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள், அப்போதும் உறைந்தால் நெட்வொர்க் அமைப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், மெமரியோ டிஸ்க்கோ 100 சதவீதத்திலேயே நிற்கிறதா என்று அதில் பாருங்கள். வைஃபை டிரைவர் பழுதாகி உறைவதும் உண்டு, ஆனால் அதற்கு டிரைவரைத்தான் புதுப்பிக்க வேண்டும்.

அப்புறம் ஒன்று, 8.8.8.8 பாதுகாப்பானதுதான், ஆனால் யாரோ அனுப்பும் வேறு எண்ணை ரவுட்டரில் போட்டால் போலி வங்கித் தளத்துக்கே உங்களைத் திருப்பிவிட முடியும். தயவுசெய்து அந்த ஃபார்வர்டை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.