மாட்டுப் பொங்கலுக்கும் பள்ளிக்கூடம் விடுங்கள்

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் காத்து ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வரும் இந்தக் கீழ்க்காத்து மார்கழி முழுக்க நிற்காது. தென்னை மட்டை விழுகிற சத்தத்திலேயே ராத்திரி போகும், பிள்ளைகளுக்கு உதடு வெடிக்கும், தேங்காய் எண்ணெய் தடவித்தான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து வீட்டு மலையாளத்துச் சேச்சி இதைத் திருவாதிரைக் காற்று என்பார். கோவிந்தாபுரம் ரோட்டில் ஐயப்ப சாமிமார் வண்டி ராத்திரி பகல் இல்லாமல் போகிறது, கிறிஸ்தவர் வீட்டு வாசலில் நட்சத்திரம் தொங்குகிறது, பிள்ளைகள் கிறிஸ்துமஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வருஷத்தில் பிடித்த மாதம் இதுதான். ஆனால் இந்த மாதம் வந்தாலே ஒரு மனக்குறையும் கூடவே வந்துவிடுகிறது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பொங்கலுக்குக் கேரள அரசு ஆறு மாவட்டங்களுக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறது. திருவனந்தபுரம், கொல்லம், பத்தனம்திட்டா, இடுக்கி, பாலக்காடு, வயநாடு. நல்ல காரியம், மனசார நன்றி சொல்கிறேன். ஆனால் அது தை ஒன்றாம் தேதி ஒரே ஒரு நாள். எல்லையில் இருக்கிற கோபாலபுரம் தாண்டினால் தமிழ்நாட்டில் பொங்கல், திருவள்ளுவர் தினம், உழவர் திருநாள் என்று மூன்று நாள் அரசு விடுமுறை. என் அம்மா வீடு ஆனைமலைப் பக்கம். அங்கே என் அண்ணன் பிள்ளைகள் மூன்று நாளும் மாடு கட்டுகிற தொண்டுப்பட்டியில் கிடக்கிறார்கள், இங்கே என் மகள் இரண்டாம் நாள் காலையில் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறாள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய வருத்தம் என்று தோன்றலாம். கொங்குத் தமிழ் பேசுகிற எங்கள் விவசாயக் குடும்பங்களுக்குப் பெரிய நோம்பியே (பண்டிகையே) இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கலான பட்டிப் பொங்கல்தான். முதல் நாள் சூரியனுக்கு வைக்கிற பொங்கல் வாசலில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பட்டிப் பொங்கல் அப்படி இல்லை. பொழுது விடிந்ததும் மாடு கன்றையெல்லாம் வாய்க்காலுக்கு ஓட்டிப்போய்த் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், கொம்பு சீவி வர்ணம் அடிக்க வேண்டும், பழைய தாம்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதுக் கயிறு, சலங்கை கட்ட வேண்டும். அப்புறம் பட்டிக்குள் சாணியும் மண்ணும் சேர்த்துச் சதுரமாக வரப்புக் கட்டித் தெப்பக்குளம் செய்ய வேண்டும். ஒரு முழ அகலம்தான் இருக்கும், ஆனால் தண்ணீர் ஒழுகாமல் வரப்பு நிற்க வேண்டும். எங்கள் மாமனார் அதற்குக் களிமண் எடுக்கவே வாய்க்கால் ஓரம் ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான் போவார். வரப்பின் மேல் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வரிசையாகக் குத்தி, உள்ளே தண்ணீர் விட்டுக் கொஞ்சம் பாலும் ஊற்றி, பொழுது சாயும் நேரத்தில் பொங்கல் வைத்துப் படைத்து, கன்றைக் கொண்டுவந்து அந்தக் குளத்தை மிதிக்க வைக்கும்போது தட்டைத் தட்டிக்கொண்டு எல்லாரும் ஒரே சத்தம். கன்று மிரண்டு ஒரு கால் வைத்து ஒரு கால் எடுக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது.

“சாயங்காலம்தானே, பிள்ளை நாலரைக்கு வந்துவிடுமே, அப்புறம் எதற்கு லீவு?” என்று எங்கள் வீட்டுக்காரரே கேட்டார். வந்துவிடும், சரி. ஆனால் அதற்குள் மாடு குளிப்பாட்டியாகிவிடும், வர்ணம் காய்ந்திருக்கும், குளம் கட்டியாகிவிடும். முடிந்த வேலையைக் கை கட்டி நின்று பார்க்கத்தான் வருகிறாள். களிமண் எங்கே எடுப்பது, வரப்பு எப்படி நிற்கும் என்பதெல்லாம் காலையிலிருந்து தாத்தா கூடவே சுற்றினால்தான் கைக்கு வரும்.

2025 தையை என்னால் மறக்க முடியவில்லை. ஜனவரி 13 திங்கட்கிழமை திருவாதிரை. சேச்சி வீட்டிலிருந்து கூவைக்கிழங்கு மாவில் காய்ச்சிய கூவப்பொடிப் பாயசமும், கிழங்குகளை வேகவைத்த புழுக்கும் வந்தது, நாங்கள் களியும் கூட்டும் கொடுத்துவிட்டோம். அன்றைக்கே எங்களுக்குக் காப்புக் கட்டு. பூளைப்பூ, ஆவாரை, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு எறவாரம், கட்டுத்தரை, கிணற்றடி எல்லா இடத்திலும் என் மகள்தான் செருகினாள். செவ்வாய் பொங்கல், அன்று சாயங்காலம் டிவியில் மகரவிளக்கு. புதன்கிழமை அவளுக்கு வகுப்புப் பரீட்சை. அந்தத் தையில்தான் எங்கள் செவலைக்கன்று முதல்முதலாகக் குளம் மிதித்தது, அவளே பேர் வைத்து வளர்த்த கன்று. பரீட்சை முடிந்து, பஸ் தவறி அவள் வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நேராகப் பட்டிக்குள் போய், கலைந்துபோன வரப்பில் கன்றின் கால் தடத்தைப் பார்த்துக்கொண்டு பையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருந்தால் கூட எனக்கு ஆறியிருக்கும்.

லீவு போட்டால் என்ன என்கிறார்கள். பலர் போடத்தான் செய்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் வராத நாளில் பாடம் நடத்துவதும் நடத்தாததும் ஒன்றுதான், வந்த பிள்ளைக்கும் நஷ்டம், வராத பிள்ளைக்கும் நஷ்டம். வேலை நாள் குறையும் என்றால் வேறொரு சனிக்கிழமை வகுப்பு வைத்துக்கொள்ளட்டும், நாங்கள் தவறாமல் அனுப்புகிறோம். 2026இல் பொங்கல் வியாழன், மாட்டுப் பொங்கல் வெள்ளி. அந்த ஒரு வெள்ளிக்கிழமையைத்தான் கேட்கிறேன்.

“இது தமிழ்நாட்டு நோம்பி, இங்கே எதற்கு?” என்ற பேச்சுதான் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. நாங்கள் எங்கிருந்தும் நேற்று வரவில்லை. எல்லைக் கோடு எங்களைத் தாண்டிப் போனது, அவ்வளவுதான். மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை நடக்கிறது. கொங்குப் படையை ஊரார் வென்றதைக் கொண்டாடும் விழா அது, கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் குடும்பத்தோடு போய் நின்று பார்க்கிறோம், அது எங்கள் ஊர் விழா என்றுதான் நினைக்கிறோம். அதேபோலச் சேச்சி வீட்டு ரெண்டு கறவை மாட்டுக்கும் மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டு வர்ணம்தான். இந்தத் தாலுகாவில் மாட்டை வைத்துப் பிழைக்கிற வீடு எத்தனை என்று காலையில் பால் சொசைட்டி வரிசையைப் பார்த்தாலே தெரியும். அந்த வரிசையில் தமிழ், மலையாளம் ரெண்டும்தான் நிற்கிறது.

ஆறு மாவட்டத்துக்கும் கேட்கவில்லை. உள்ளூர் விழாவுக்கு ஒரு தாலுகாவுக்கு மட்டும் கலெக்டர் விடுமுறை அறிவிப்பது இங்கே புதிதல்ல, சித்தூர் தாலுகாவுக்கு மட்டும் அப்படி ஒன்று போதும். 1969ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டப்படி கேரளத்தில் உள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழிலேயே எழுதலாம். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாததால், மலையாளம் எழுத வராது என்று மனுக் கொடுக்கவே தயங்குகிறார்கள். நான் தமிழிலேயே எழுதிவிட்டேன், இரண்டு பக்கம். சேச்சி முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார், மலையாளத்தில்.

பரீட்சை லீவு விடுவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீஸில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை காலை ஆறு மணிக்குப் பால் ஊற்றும் இடத்தில் மனுவோடு நிற்பேன். பக்கத்து ஊர்க்காரர்கள் பால் கேனோடு வரும்போது ஒரு பேனாவும் கொண்டுவாருங்கள், என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது.