செம்மரக் கூத்தில் வராத வேடங்கள்

தெருக்கூத்தில் அரசனே ஆனாலும் திரைக்குப் பின்னே நின்று தன் பெருமையைத் தானே பாடி, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியக்காரனின் குறும்புக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் களரிக்குள் வரமுடியும். வடாற்காட்டில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த எனக்கு, அமெரிக்க ராப் பாடகர் இம்மார்ட்டல் டெக்னிக் 2003இல் வெளியிட்ட 'பெருவியன் கொக்கைன்' பாடலை முதன்முறை கேட்டபோது அந்தத் திரைதான் நினைவுக்கு வந்தது. கொக்கைன் எடுக்கப்படும் கோக்காச் செடி வயலில் உழைக்கும் கூலியாள் முதலில் வருகிறான். அவனை வேலை வாங்கும் முதலாளி, கடத்துபவன், விற்பவன், மாறுவேடக் காவலர் என ஒவ்வொருவராகப் பாடி, சிறையில் கிடப்பவனோடு பாட்டு முடிகிறது. பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் சரக்கு ஒன்றுதான். அது கைமாறும் வரிசையில் ஆள்பவர்களுக்கும் காவல் துறைக்கும் இடம் இருக்கிறது.

நம் தமிழ் ராப்பில் அறிவு போன்றவர்கள் சாதியையும் நிலத்தையும் கூர்மையாகப் பாடியிருக்கிறார்கள். ஆனால் குற்றம் என்று வந்துவிட்டால், பெரும்பாலும் கத்தி பிடித்த ஒருவனின் வீரப் பிரதாபத்தோடு நின்றுவிடுகிறோம். (அதன் தாளம் எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை.) அவனுக்குப் பின்னால் இருப்பவர்கள் பாட்டுக்குள் வருவதே இல்லை.

இத்தனைக்கும் கதை நம் வாசலிலேயே கிடக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தலைத் தடுக்கும் ஆந்திரச் சிறப்புப் படை 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள். மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது காவல் துறை. உடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்தே பிடித்துப் போனார்கள் என்று தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார் தப்பிய ஒருவர். செம்மரம் தானாக நடந்து துறைமுகம் சேர்வதில்லை, கடல் தாண்டிச் சீனா போவதுமில்லை. ஆனாலும் அந்த வரிசை முழுவதிலும் நாம் முகம் பார்த்தது, கோடரி பிடித்தவனை மட்டும்தான், அதுவும் பிணமாக. குற்றக் கும்பல்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் அதிகாரிகளுக்கும் உள்ள உறவை, மத்திய அரசு அமைத்த வோரா குழு 1993இலேயே எழுதிக் கொடுத்துவிட்டது.

வேலூரில் எழுதிப் பாடும் தம்பிகள் இதைக் கையில் எடுக்கவேண்டும் என்பது என் ஆசை. முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் புரோக்கர் ஒரு வேடம், சோதனைச் சாவடியில் லாரிக்கு வழிவிட்டவர் ஒரு வேடம், கன்டெய்னரைத் திறக்காமலே முத்திரையிட்டவர் இன்னொரு வேடம். கட்டியக்காரனை மட்டும் மலையில் இருந்தே கூட்டி வாருங்கள், "இவ்வளவு கனமான கட்டையை யாருமே பார்க்கவில்லையா, ராசா?" என்று ஒவ்வொருவரிடமும் அவன் கேட்கட்டும்.